நீலக் கோட்டுக்குள்

"லாரிய நிறுத்தச் சொல்லுல..."

"சத்தம் போடாதீங்க மதினி, ஆபீசர் வார நேரம்..."

"வரட்டும்! நான்தான வரச் சொன்னேன்!"

"அதான் கேக்கேன். சொந்தக் கொழுந்தன் மேல எவளாவது கம்ப்ளைண்ட் குடுப்பாளா?"

"வீட்டு ஓரத்துல மலையாட்டம் மண்ணக் கொட்டுனா குடுப்பா."

மராத்திச் சீமையில், சாங்வியில் ஆற்றை ஒட்டிய சந்து அது. ஜெபமணி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் நிலத்தை அவள் கொழுந்தன் அமல்ராஜ் ஒரு பில்டருக்குப் பேசி முடித்திருந்தான். கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கிக்கொண்டிருந்தான். இனி வெள்ளம் வந்தால் அங்கே ஏறாது; மொத்தமும் ஜெபமணி வீட்டில்தான் இறங்கும். வெள்ளம் தொடுகிற எல்லைக்கு நீலக் கோடு என்று பெயர். அதற்குள் கட்டடம் கூடாது. இங்கே தண்ணீரே வந்ததில்லை என்று அமல்ராஜ் சாதித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மதினி."

"என் பீரோ எதுலல மெதந்துச்சு? ஒன் வாய்ச்சவடால்லயா?"

அதிகாரி வந்தார். நிலத்தின் ஓரத்தில் நின்ற அமல்ராஜின் பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சேற்றுக் கறை தெரியாதபடி சுவரெல்லாம் புது மஞ்சள் பெயின்ட். திரும்பப் போனவர் அண்ணாந்து பார்த்து நின்றார்.

"மீட்டர் ஏன் அவ்வளவு உயரத்தில்?" என்றார் இந்தியில்.

கரண்ட் மீட்டர் கூரையை ஒட்டி இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு சந்தில் எல்லாருமே அப்படி ஏற்றி வைத்தார்கள். தினமும் பார்ப்பதால் அது அமல்ராஜின் கண்ணில் படவே இல்லை.

"பிள்ளைங்க கைய வச்சிரும்னு சாப்..."

"எந்தப் பிள்ளைல? ஒனக்கு ஏது பிள்ள?"

அமல்ராஜின் முகம் கறுத்தது.

"தண்ணீர் எதுவரை வந்தது, ஆஜி?" பாட்டி என்று அழைத்து அதிகாரி ஜெபமணியிடம் மராத்தியில் கேட்டார்.

அவள் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினாள். "என் வீட்டுக்குள்ளயே இம்புட்டு. இவனக் கயிறு கட்டி இழுத்துக் கரையேத்துனது என் வீட்டுக்காரரு."

அதிகாரி லாரிகளைத் திருப்பி அனுப்பினார். பிறகு அளவு டேப்பை விரித்துக்கொண்டு ஜெபமணியின் வாசலுக்குப் போனார்.

"அங்க என்னத்துக்கு அளக்கான்?"

அமல்ராஜ் சிரித்தான். "ஒங்க கழுத்து ஒங்க வீட்டுக்குள்ளதான நனைஞ்சுது? அப்ப ஒங்க வீடும் கோட்டுக்குள்ளதான். இடிச்ச பெறவு எங்க போவீங்க, மதினி?"