வெள்ளையனைக் கழற்றிவிட்டார்கள்

...இல்லை, இது அவர்களே இல்லை, பேனரில் நீலமலர் மெல்லிசைக் குழு என்றுதான் போட்டிருக்கிறது, கீபோர்டுக்காரருக்கு அதே வழுக்கைத் தலை, ஆனால் வருவது வெறும் டும் டும், இதைக் கேட்கவா அனுப்பிரியாவிடம் அத்தனை பீற்றிக்கொண்டோம் என்று சதீஷ்குமாருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணமான பிறகு அவளை முதன்முதலாகக் கச்சேரிக்குக் கூட்டி வந்திருக்கிறான். வெள்ளையன்னு ஒருத்தரு புல்லாங்குழல் ஊதுவாரு கண்ணு, கேட்டீன்னா சோறு தண்ணி வேண்டாம்ப... என்னவெல்லாம் சொல்லி வைத்தான்! பல்லவி முடிந்து குழல் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, டிரம்ஸ்காரன்தான் புகுந்து விளாசுகிறான், அடுத்த பாட்டிலும் அப்படியே. மனுசனைக் கழற்றிவிட்டார்கள், சந்தேகமே இல்லை, இப்போது எல்லாம் குத்துதானே, புல்லாங்குழல் யாருக்கு வேண்டும்?

பல்லடத்தில் பாலிடெக்னிக் படித்தபோது அவிநாசி, சேவூர் என்று இவர்கள் எங்கே போனாலும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவான். அப்புறம் சாமளாபுரத்துக்கே திரும்பி, அப்பாவின் விசைத்தறிகளோடு மாரடித்து, கச்சேரியாவது ஒன்றாவது... தறிக் குடோனுக்குள் நாள் முழுக்கக் கடகடவென்று அடிக்கும், எதிரே நிற்பவனிடம்கூட சைகையில்தான் பேச வேண்டும். அத்தனை வருடமும் மனதுக்குள் அந்தக் குழலை ஊதவிட்டுத்தானே தறி ஓட்டினான்? பாடுகிற பெண்ணாவது உருப்படியா என்றால் அவளும் எழுத்தையெல்லாம் மென்று விழுங்குகிறாள். இந்தக் காலத்தில் யாருக்கும் வாயைத் திறந்தே பேச வராதா? அனுப்பிரியாவும் இந்த ரகம்தான், உடுமலைப்பேட்டைக்காரி, எதையும் வாய்க்குள்ளேயே சொல்வாள், நேற்றுகூட எரிந்து விழுந்தான்... பாவம், முகம் சுண்டிப்போயிற்று. முன்வரிசையில் ஆத்தப்பன் மாமா சொக்கிப்போய்த் தலையாட்டுகிறார், இவர்களுக்கு எதைப் போட்டாலும் சரி. அவனுக்கு அவமானமாக இருந்தது. இது எனக்குப் பிடித்தது என்று அவளிடம் காட்ட அவனிடம் இருந்தது இது ஒன்றுதான், அதையும் கெடுத்துவிட்டார்களே... கேட்டுவிடுவது, நேராகப் போய்க் கேட்டுவிடுவது.

எழுந்தான். ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுக்குப் போனான், வாயில் கேள்வி தயாராக இருந்தது, அங்கே தபேலாக்காரருக்குப் பின்னால் வெள்ளையன் உட்கார்ந்திருந்தார். அவரேதான், மீசை மட்டும் நரைத்திருந்தது. உதட்டில் குழல், அதை ஒட்டி மைக், துளைகளின் மேல் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடப்பாவிகளா, ஊதுகிற மனுசனை வைத்துக்கொண்டே மைக்கைக் கோட்டைவிட்டார்களா... மைக்செட்காரரிடம் கத்தினான்.

"அண்ணா, புல்லாங்குழல் மைக் வேலை செய்யலீங்க!"

அவர் இவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார். "நல்லாத்தானுங்க வருது. எல்லாத்தையும்விட அதுதானுங்க தூக்கலா இருக்குது."

அந்த நேரம் பார்த்து டிரம்ஸ் நின்றது, தபேலா நின்றது. வெள்ளையன் தனியாக ஊதினார், கன்னம் உப்பி உப்பித் தணிந்தது, கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, இவனுக்கு மட்டும் எங்கோ காற்றுப் போவதுபோல் ஏதோ... அதுவும் நிஜமா, மனதா? விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தான். ஜலதோஷமாக இருக்கும். இந்த மாதத்தில் யாருக்குத்தான் ஜலதோஷம் இல்லை? அப்படியானால் எழுத்தை விழுங்கியது அந்தப் பெண் இல்லையா... அப்படியானால் வீட்டில்... ஐயோ. காலையில் மறுபடி தறியைப் போட வேண்டும், போடாமல் என்ன செய்வது?

யாரோ கையைப் பிடித்தார்கள். அனுப்பிரியா. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள், எட்டி அவன் காதுக்கே வந்து சொன்னாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க... என்னமோ பண்ணுதுங்க இந்தக் குழலு. இது எந்தப் பாட்டுங்க?"

அவன் வெள்ளையனின் விரல்களைப் பார்த்தான். ஒன்று எழுந்தது, இரண்டு படிந்தன, மறுபடி ஒன்று...

"இரு கண்ணு, சொல்றேன்" என்றான்.