அட்டைக்கு ஒரு பூட்டு

தீவின் ஹேடோ துறையில் கப்பல் ஊதினால் ஊரே சந்தோஷப்படும்; சந்திரமதி மட்டும் 'இன்னொரு பட்டியலா!' என்று பேனாவுக்கு மை ஊற்றுவாள். மெயின்லேண்டிலிருந்து வந்திறங்கியவர்களின் பட்டியல் நேராக அபர்டீன் பஜார் ரேஷன் ஆபீசுக்கு, அவள் மேஜைக்கே வந்துவிடும். குடும்பத்துக்கு ஓர் அட்டை எழுதி அலமாரியில் சேர்த்தால்தான் அவர்களுக்கு அரிசி. பட்டியல் முடிந்தால்தான் அவளுக்கு லீவு. லீவு கிடைத்தால்தான் அதே கப்பலில் மெட்ராஸ் போய், நாத்தனாரிடம் விட்டு வந்த மகள் ஜெயமணியை அழைத்து வர முடியும். ஏற்கெனவே இரண்டு கப்பல்கள் அவளை விட்டுவிட்டுப் போயாயிற்று. குழந்தை இப்போது அத்தையைத்தான் அம்மா என்கிறதாம்.

குறுக்கே நின்றது ஹெட் கிளார்க் சொக்கலிங்கத்தின் முறை. ஓர் அட்டை எழுதியதும் அவரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தருவார். இழுப்பறையைத் திறந்து, ஏ பி சி வரிசையில் இடம் தேடிச் செருகி, பூட்டி, சாவியைத் திருப்பித் தர வேண்டும். அதோடு விட்டதா? நடுவில் ஓர் அட்டை நுழைந்தால் பின்னால் இருக்கும் அத்தனைக்கும் எண் மாறும். எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துத் திருத்தி நிமிர்ந்தால், அடுத்த அட்டை அதற்கும் முன்னால் போக வேண்டியதாக இருக்கும். மறுபடியும் ரப்பர். இந்த மனிதருக்கு இது என்ன வேண்டுதலோ!

"சார், எல்லா அட்டையையும் முதல்ல எழுதி, மேஜை மேலயே வரிசையா அடுக்கிடறேன். ஒவ்வொரு அறையையும் ஒரே தடவை திறந்து போட்டுடலாம். நம்பரைக் கடைசியில ஒரே தடவை மாத்தினா போதும்."

"நடுவுல ஆபீசர் வந்து நம்பர் கேட்டா?"

"இதுவரைக்கும் கேட்டிருக்காரா சார்?"

"கேட்டா?"

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சாவியை வாங்கினாள்.

அந்தக் கப்பலில் சொக்கலிங்கத்தின் மைத்துனர் திருநாவுக்கரசும் விருந்துக்கு வந்திருந்தார். பட்டியலில் கடைசிப் பெயர். மச்சானே ஆனாலும் சொக்கலிங்கம் வரிசை தாண்ட மாட்டார். அந்த நேர்மையைக் குறை சொல்ல முடியாது. கப்பல் திரும்புவதற்கு முந்தின நாள் சொக்கலிங்கத்தின் மனைவி விசாலாட்சி காலி அரிசி டப்பாவோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"எங்கண்ணன் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்காரு. இன்னிக்கு அட்டை போடலேன்னா இங்கயே கூட்டிட்டு வந்து இலை போட்டுடுவேன். நீங்களே பரிமாறுங்க!"

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சொக்கலிங்கம் சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"எப்படியோ பண்ணும்மா. ஜல்தி."

மாலை டீ வருவதற்குள் பட்டியல் முடிந்தது. லீவுக் காகிதத்தில் மை காயுமுன் சந்திரமதி கிளம்பிவிட்டாள்.

அடுத்த கப்பலில் ஜெயமணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திறங்கினாள். வழியெல்லாம் அழுத குழந்தை அப்போதுதான் அவள் தோளில் சாய ஆரம்பித்திருந்தது. சில நாள் கழித்து, லீவு முடியுமுன், குழந்தைக்கு அரிசி கேட்டு ஆபீசுக்குப் போனால், வரிசை தெருவில் நின்றது. உள்ளே சொக்கலிங்கம் ஓர் அட்டையைச் செருகி, பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்து, ரப்பரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார்! மறுபடியுமா?"

"நீ இல்லாம தைரியம் வரலம்மா. உன் பேரு கீழே இருக்கு. வரிசைப்படி வரும்."

சந்திரமதி குழந்தையை அவர் மடியில் வைத்தாள், கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டது. சாவி தானாக வந்தது.

எழுதினாள், அடுக்கினாள், அறை அறையாகச் சேர்த்தாள். தன் வீட்டு அட்டைக்குக் கடைசியாகத்தான் வந்தாள். அவளும் கணவனுமாக 'நபர் இருவர்' என்றிருந்ததை அடித்து 'மூவர்' என்று எழுதினாள்.

சொக்கலிங்கத்தின் மடியில் அழுது களைத்த ஜெயமணி அவளைப் பார்த்துக் கைகளை நீட்டி, "அம்மா" என்றாள்.

சந்திரமதி இழுப்பறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். அன்று சொக்கலிங்கமும் பூட்டச் சொல்லவில்லை.