மூன்றாம் பெட்டியில் ஒரு கரும்புள்ளி

“உனக்கு எது புடிக்குது விண்ணரசி, விண்டோஸா, லினக்ஸா?”

ரெஜின் ஒருமுறை இப்படிக் கேட்டபோது விண்ணரசி எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். குத்தாலம் கடைத்தெருவில் ஆசீர்வாதத்தின் பிரவுசிங் சென்டரில், வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுப்பது அவள் வேலை. அதற்குப் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

பேச்செல்லாம் ஆசீர்வாதத்துக்கும் அவருடைய அக்கா மகன் ரெஜினுக்கும்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் ரெஜின், லீவில் வந்த கையோடு மூன்றாம் கம்ப்யூட்டர் பெட்டியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டான்.

“வைரஸ் வராது மாமா. ஹேங் ஆகாது. ஒங்க விண்டோஸ் மாதிரி நடுவுல நீலம் பாரிச்சு நிக்காது.”

“நின்னா என்ன மாப்ள? அணைச்சுப் போட்டா எந்திரிச்சிடும். வண்டிமாடு படுக்கிறதில்லையா? ஒன்னோடதுல எங்க போயி எதைத் தட்டணும்னு யாருக்குத் தெரியும்?”

“பழகுனா தெரியும்.”

“பழகுறதுக்குள்ள வர்றவன் மாயவரத்துக்கு பஸ் ஏறிடுவான்.”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிறு வரை மூன்றாம் பெட்டி ஒரு கோளாறும் செய்யாவிட்டால் லினக்ஸ் அதில் நிலைக்கும். செய்தால் அன்றே பழையபடி விண்டோஸ்.

மாமனுக்கும் மருமகனுக்கும் இது பொழுதுபோக்கு. அம்சத்துக்கு அப்படியில்லை. அவள் புருஷன் சாமிதுரை சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது குழந்தை வயிற்றில் இருந்தது. ஞாயிறுதோறும் கைக்குழந்தையோடு வந்து கேமரா முன்னால் உட்காருவாள். விண்டோஸ் பெட்டியில் அவன் பாதிச் சொல்லில், வாயைத் திறந்தபடி உறைந்து போவான். லினக்ஸ் போட்ட மறுநாள், மூன்றாம் பெட்டியில்தான் முதல்முறையாக முழுசாகச் சிரித்தான். குழந்தையும் அவனைப் பார்த்துச் சிரித்தது.

“இந்தப் பெட்டிய மட்டும் மாத்திடாதீங்கண்ணே” என்று ஆசீர்வாதத்திடம் கெஞ்சிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஆசீர்வாதத்தின் குரலில் தேன் வடிந்தது.

“வா மாப்ள, வந்து பாரு.”

மூன்றாம் பெட்டியின் திரை நடுவே மிளகளவு கரும்புள்ளி. ரெஜின் மௌஸை நகர்த்தினான். அம்புக்குறி புள்ளிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது. அணைத்துப் போட்டான். புள்ளி அங்கேயே இருந்தது.

“ஸ்டேபிள், ஸ்டேபிள்னியே. நெசந்தான். கொஞ்சங்கூட அசையல.”

“பிக்சர் டியூப் போயிருக்கும் மாமா. அதுக்கு லினக்ஸ் என்ன செய்யும்?”

“டியூப் ரொம்ப நாளா என்கிட்ட இருக்கு. லினக்ஸ்தான் இப்ப வந்துச்சு.”

இருவருக்குமே அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ‘திரையில் கை வைக்காதீர்’ என்று சுவரில் எழுதி ஒட்டியவரே ஆசீர்வாதம். ரெஜினோ, பெங்களூரில் திரையில் விரல் வைப்பவர்களோடு சண்டைக்குப் போகிறவன்.

“விண்டோஸ் சிடிய எடும்மா” என்றார் ஆசீர்வாதம்.

விண்ணரசி மேசை இழுப்பறையைத் திறந்து சிடியைக் கையில் எடுத்தாள். முந்தின நாள் நடந்தது கண்முன் நின்றது. பக்கத்துப் பெட்டியில் துபாய் மகனோடு பேசிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் எட்டிப் பார்த்து, “ஏண்டி, சாமிதுரையா இது? நாத்துக்கட்டு தூக்குனப்ப கருவாடாட்டம் இருந்தான், இப்ப மாப்பிள்ளையாட்டம்ல மினுக்குறான்” என்றாள். அம்சத்துக்கு முகம் சுருங்கிப்போனது. குழந்தைக்கென்று வைத்திருந்த மைச்சிமிழைத் திறந்து, திரைக் கண்ணாடியில் தெரிந்த அவன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

ரெஜின் சிடிக்காகக் கை நீட்டினான். விண்ணரசி கொடுக்கவில்லை.

“அது மைங்க” என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். பேசியது யார் என்றே முதலில் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

“திருஷ்டிப் பொட்டு. அம்சம் அக்கா அவங்க வூட்டுக்காரருக்கு வெச்சது.”

ரெஜின் துடைக்கப் போனான். அவள் அவசரமாகக் குறுக்கே வந்து, மையை விரலில் வழித்து, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தின் ஓரத்தில் அப்பினாள். “அழிச்சா அக்கா சங்கடப்படுவாங்க.”

“பாத்தியா மாப்ள, ஒன் லினக்ஸுக்கும் மை வெச்சாத்தான் ஓடுது” என்ற ஆசீர்வாதம், சிடியை உள்ளே வைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்சம் வந்தாள். சட்டத்தின் ஓரத்தில் இருந்த பொட்டைப் பார்த்தாள், விண்ணரசியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். சாமிதுரை அன்றும் முழுசாகவே சிரித்தான். அந்தப் பக்கம் முதல் பெட்டியில் கண்ணாத்தாளின் மகன் கண்ணை மூடியபடி உறைந்துபோனான்.

“அணைச்சுப் போட்டா எந்திரிச்சிடுவான்” என்றார் ஆசீர்வாதம். ரெஜின் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

அம்சம் பேசி முடித்துக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசலுக்குப் போகும் வழியில் முதல் பெட்டியின் முன்னால் நின்றாள். மைச்சிமிழைத் திறந்து, விரல் நிறைய எடுத்து, அந்த விண்டோஸ் பெட்டியின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். சிமிழை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.