பனிக்குள் போன சாவி

"வாப்பா, மரமே தெரியல வாப்பா. எல்லாம் ஒரே வெள்ளை."

போனுக்குள் மகள் மூச்சு வாங்கினாள். கிள்ளான் வீட்டுக் கூடத்தில், விடிகாலைச் சுபுஹு தொழுத தொப்பியைக்கூடக் கழற்றாமல், சனாவுல்லா திரையை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்தை முக்கால்வாசி குறைத்திருந்தார். அடுக்களையில் முத்து பீவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிற வரைக்கும்தான் அவருக்குத் தைரியம்.

"மெதுவா பேசு. உம்மா காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

உலகின் மறுபக்கத்துக் கால்கரியில் அப்போது முந்தின நாள் பிற்பகல். நிலோபர் முழங்கால் வரை புதைந்து நின்றாள். புயல் ஓய்ந்து, வேலைக்கு லீவு கிடைத்து, இன்றைக்குத்தான் அவளால் அந்தப் பூங்காவுக்கு வர முடிந்திருந்தது. கம்பளிக்கும் தொப்பிக்கும் நடுவே சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது.

கூடத்து ஜன்னல் வழியே பார்த்தால் போர்ச்சில் மகன் ஷபீரின் மோட்டார் சைக்கிள் நிற்பது தெரியும். நீலக் கான்வாஸ் போர்த்தி, கைப்பிடி இடப்பக்கம் திரும்பி, யாரிடமோ கோபித்து முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு காலையில், பின்சக்கரம் பஞ்சர் என்று பார்த்துவிட்டு, கைப்பிடியை மடக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிநேகிதன் வண்டியில் பின்னால் ஏறிப் போனான். ஃபெடரல் ஹைவேயில் ஒரு லோரி. இடித்தது. நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் பர்சும் அந்தச் சாவியும் இருந்தன. அன்றைக்கே அடக்கம் முடிந்துவிட்டது. நிலோபர் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் வீட்டில் அழுகை ஓய்ந்து, வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போகிற அன்று முத்து பீவி அந்தச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"தம்பி மொகத்தத்தான் பாக்கல. இதையாவது பத்திரமா வெச்சிக்க."

பத்திரம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இப்போது சனாவுல்லா சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் முத்து பீவியே வாயைத் திறந்தாள். தன் அண்ணன் மகன் அய்மனுக்கு மோட்டாரைக் கொடுத்துவிடலாம். சுங்கை பூலோவில் வேலை. பஸ் மாறி மாறிப் போய்வருகிறான். சனாவுல்லா நம்பவில்லை. ஷபீரின் சட்டைகள் அலமாரியில் அப்படியே தொங்குகிற வீடு அது. அவன் தலையணை உறையை மாற்றப் போன வேலைக்காரியை வேலையை விட்டே நிறுத்தியவள் அவள். அப்படிப்பட்டவள் தானாக ஒரு பொருளை விடுகிறாள் என்றால், அதோடு சேர்ந்து வேறு எதையோ கீழே இறக்கி வைக்கப் பார்க்கிறாள். அது அவருக்குப் புரிந்தது. அய்மன் வந்தான். டயர் மாற்றினான், பேட்டரி மாற்றினான். "பூட்டு மட்டும்தான் மாமி. பாசார் பக்கம் சாவி வெட்டுற அங்கிள் இருக்காரு, கூட்டிட்டு வரேன், ரெண்டு நிமிச வேலை லா" என்றான்.

முத்து பீவியின் முகம் கல்லானது. "அவன் பூட்டுனத அவன் சாவிதான் தொறக்கணும். வேற எவன் கையும் அதுல படக்கூடாது. என் மக அனுப்புவா."

மகள் அனுப்பவில்லை. கூரியர் ஆபீஸ் மூடியிருக்கிறது என்றாள். பனிப்புயல் என்றாள். கடைசியில் வாப்பாவைத் தனியாகப் பிடித்து உடைந்து அழுதுவிட்டாள். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். யாரோ பூங்காவிலும் காட்டிலும் டப்பாவை ஒளித்து வைப்பார்களாம். போனில் இடம் காட்டுமாம். தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேரை எழுதி, திரும்ப அங்கேயே ஒளித்துவிட்டு வர வேண்டுமாம். சில டப்பாக்களில் ஊர்சுற்றும் சாமான்கள் கிடக்கும்; ஒருவர் எடுத்து அடுத்த டப்பாவில் போட, இன்னொருவர் அங்கிருந்து வேறு தேசத்துக்கே கொண்டுபோவார். கூட வேலை செய்கிறவள் சொல்லித்தந்து, கோடையில் நிலோபர் கண்டுபிடித்த முதல் டப்பாவிலேயே தம்பியின் சாவியைப் போட்டுவிட்டாள். 'இது என் தம்பி. உலகம் சுற்ற ஆசைப்பட்டான். கூட்டிப் போங்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டும் கட்டி.

"உனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்று அன்று கத்தினார். கத்தி ஓய்ந்த பிறகு, அது என்ன எழவு விளையாட்டு என்று தெரிந்துகொள்ளத் தானும் போனில் அந்த ஆப்பை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையைத் திறக்காமல் ஷா ஆலம் ஏரிப் பூங்காவுக்குப் போனார். புடவை மடித்தே பழகிய கையால் செடி செடியாக விலக்கினார். எறும்பு கடித்தது. போன் இந்த மரம் என்றது, போனதும் அந்த மரம் என்றது. ஓட வந்த ஒரு மலாய்ப் பெண் நின்று, "என்ன பாக்சிக், சாவி தொலைஞ்சு போச்சா?" என்று மலாயில் கேட்டாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றார். கடைசியில் ஒரு வேர்ச்சந்தில் குச்சிகள் அடுக்கி வைத்த மாதிரி ஒரே திசையில் கிடந்தன. காட்டில் குச்சி வரிசையாக விழாது. விலக்கினால், டப்பா! உள்ளே கோலிக்குண்டு, பொம்மைக் கார், ஒரு குட்டிப் பித்தளை மணி. மூடியில் எழுதியிருந்தது: ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள். மணியை எடுத்துக்கொண்டு, பாக்கெட்டில் இருந்த புது இன்ச் டேப்பை வைத்தார். வீடு வரைக்கும் காரில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு வருசமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு.

"என்னங்க இது, கெடா மாதிரி மணி கட்டிக்கிட்டு அலையிறீங்க?" என்றாள் முத்து பீவி. அவளும் கொஞ்சம் சிரித்தாள். மணி அன்றிலிருந்து அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது.

"வாப்பா, போன் செத்துரும் போல இருக்கு. குளிரு." நிலோபர் போனை அக்குளுக்குள் செருகினாள். திரை இருண்டது. சனாவுல்லா மூச்சை அடக்கிக் காத்திருந்தார். வெளிச்சம் வந்தபோது அவள் அதே மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலடிக் குழிகள் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பதிந்திருந்தன. வட்டத்தின் மேல் வட்டம்.

"கீழ ஒரு கட்டை கெடந்துச்சு வாப்பா, அதுக்கு அடியில. இப்ப கட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நில்லு. கேமராவ எடப்பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். அந்த மேடு... பனிக்கு வெளிய குச்சி நீட்டிக்கிட்டு இருக்கு பாரு, மூணும் ஒரே பக்கமா சாஞ்சு. அங்க தோண்டு."

தோண்டினாள். கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் பிறாண்டினாள். டப்பா தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றினாள்; ஆவி மேலேறித் திரையை மூடியது. கிடைத்துவிட்டது என்று சனாவுல்லா நாற்காலி நுனிக்கு வந்த அந்த நேரத்தில்தான், நேற்று ஆப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு விஷயம் சுருக்கென்று தைத்தது.

"நிலோ, சாவியில நம்பர் போட்ட தகடு மாட்டினியா?"

"என்ன தகடு?"

"ஊர் சுத்துற சாமானுக்கு நம்பர் தகடு வாங்கி மாட்டணும்மா. அதை வெச்சுத்தான் எங்க போகுதுன்னு பாப்பாங்க. தகடு இல்லன்னா அது மாத்திக்கிற சாமான். எடுத்தவங்களுக்குச் சொந்தம்."

அவள் மூடியை நெம்பினாள். நனைந்து உறைந்த நோட்டு செங்கல் மாதிரி வந்தது. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. டப்பாவைக் கவிழ்த்தாள். பனியின் மேல் ஒரே ஒரு பொருள் விழுந்தது. பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர்.

"இது அப்ப இல்ல வாப்பா." அவள் டப்பாவை மறுபடியும் உதறினாள். "சாவிய எடுத்துட்டு இத வெச்சிருக்காங்க. சீட்டப் படிச்சிருப்பாங்கள்ல? நல்ல மனசோடதான் எடுத்திருப்பாங்க. எங்கயோ சுத்திக்கிட்டுதான் இருப்பான், இல்ல வாப்பா?"

சனாவுல்லாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மணி கிணுகிணுத்தது. யாருடைய மணி இது? எந்தக் குழந்தையின் காலிலிருந்து, எந்த வீட்டுச் சோகத்திலிருந்து வந்தது? அவர் ஒரு இன்ச் டேப்பை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்திருந்தார்.

மணியின் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஏன் இவ்வளவு துல்லியம்?

அடுக்களையில் தண்ணீர் நின்றிருந்தது.

திரும்பினார். முத்து பீவி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஈரக் கை இரண்டும் முந்தானையில் சுற்றியிருந்தன. எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் போனை வாங்கினாள். திரையில் பச்சைப் பொம்மையும், டப்பாவும், வெறும் கையுமாக மண்டியிட்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"இதுலதான் போட்டியா?"

"உம்மா... நான்..."

"கையுறையப் போடு. விரல் வெறச்சிரும்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வீட்டுக்குப் போ."

அவளே போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"முத்து, அவ சின்னப் பொண்ணு. தம்பிக்கு நல்லது செய்யிறதா நெனச்சு..."

"ஒண்ண எடுத்தா ஒண்ண வெக்கணுமா?" அவரைப் பார்க்காமலே கேட்டாள். "அதான சட்டம்? நல்ல சட்டம். என் புள்ளைய இடிச்சிட்டுப் போன லோரிக்காரன் என்னத்த வெச்சிட்டுப் போனான்?"

சனாவுல்லா தொப்பியைக் கழற்றினார். மேசையில் வைத்தார்.

"அய்மன வரச் சொல்றேன். அந்தச் சாவி வெட்டுற அங்கிளையும்..."

"வேணாம். அவன பஸ்ஸுலயே போகச் சொல்லுங்க."

கதவைத் திறந்து வெளியே போனாள். இரவு பெய்த மழையில் முற்றத்துச் சிமெண்டு ஈரமாக மின்னியது. கான்வாஸை உருவிப் போட்டாள். ஸ்டாண்டைக் காலால் தட்டினாள். மடங்கிய கைப்பிடியின் இரு முனையையும் பிடித்துத் தள்ளினாள். அய்மன் மாட்டிய புது டயர் லேசாக உருண்டது. சனாவுல்லா வாசற்படி வரை ஓடினார். வண்டியை வீட்டை விட்டே அனுப்பிவிடுவது போல, கேட்டைப் பார்த்துத்தான் அவள் தள்ளினாள். பூட்டிய கைப்பிடி விடவில்லை. வண்டி இடப்பக்கமாகவே வளைந்து, முற்றத்தைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். மறுபடியும் தள்ளினாள். ஈரச் சிமெண்டில் டயர்த் தடம் ஒரு வட்டமாகப் பதிந்தது. அதன் மேல் இன்னொரு வட்டம்.