என் மீசைக்கு வந்த நான்கு பருவம்

முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "கேமராவைப் பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்வது. ஈரானின் ரஷ்த் நகரத்தில் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் வைத்திருக்கிற பாதிப் பேர் என் ஸ்டுடியோ முக்காலியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். எங்கள் பேட்டை நூலகம் போன வருஷம் ஒரு போட்டி அறிவித்தது. ஒரே இடம், நான்கு பருவம், நான்கு படம். அன்றாட வாழ்க்கை தெரிய வேண்டும். நாலாவது விதி: படத்தில் இருப்பவர் கேமராவைப் பார்க்கக் கூடாது. தேர்வானால் படங்கள் ஒரு மாதம் நூலகச் சுவரில் தொங்கும்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்துக்கு மச்சினி வீட்டுக்குப் போன இடத்தில், வாய் சும்மா இருக்காமல், நான் கலந்துகொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் சகலை ஹோர்மோஸ் மீன் முள்ளை எடுத்தபடியே சிரித்தான். மீன் கடைத்தெருவில் சவரக்கடை வைத்திருக்கிறவன், வாயும் கத்தி மாதிரிதான்.

"நாலு பருவமா? நம்ம ஊர்லயா? இங்க இருக்கறதே ரெண்டு பருவம் சகலை. மழை பெய்யுற பருவம், பெய்யப்போற பருவம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஃபரங்கிஸ் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மீசையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தேன். எங்கள் பாட்டன்மார் காலத்தில் பத்திரம் எழுத மாட்டார்கள். மீசை முடி ஒன்றை அடகு வைத்தால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம்.

"என் படம் அந்தச் சுவத்துல தொங்கலைன்னா, இந்த மீசையை நீயே உன் கையால எடுத்துக்கோ."

"முழுசாவா?"

"முழுசா!"

இருபத்தெட்டு வருஷத்து மீசை அது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தபோது என் அம்மா, "ஐயோ, உங்க தூபா சித்தியை உரிச்சு வச்சிருக்கியேடா" என்று அலறினாள். அதற்குப் பிறகு சித்தியை யாருக்கும் காட்டியதில்லை. ஃபரங்கிஸுக்கும் காட்டியதில்லை.

இடத்தை வேண்டுமென்றே ஹோர்மோஸின் கடைவாசலில் தேர்ந்தெடுத்தேன். அவன் கண்ணெதிரே ஜெயிக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் ஷௌகத்தக்கா கூடை வைத்துக் காய்கறி விற்கிறாள். வசந்தத்தில் ஒரு நாள், மழையில், பச்சைப் பூண்டுக்கும் மொச்சைக்கும் நடுவே அவள் குனிந்திருந்த நேரம் பார்த்துக் கேமராவைத் தூக்கினேன். அவள் ஒரு பூண்டுக் கட்டைத் தூக்கி நேராக லென்ஸுக்கு நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க தம்பி."

"வேணாங்க்கா."

"உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கோங்க."

"இருக்கட்டுங்க்கா."

"அட, எடுத்துக்கோங்கன்னா."

"உங்க கை நல்லா இருக்கட்டும், வேணாம்."

பூண்டு கூடைக்குத் திரும்பியது. தாரோஃப் என்பது இதுதான். மூன்று தடவை ஒரு பேச்சுக்குக் கொடுப்பது, மூன்று தடவை மறுப்பது, இரண்டு பேருக்கும் மனசு குளிர்வது. நாலாவது தடவையும் சொன்னால் நிஜமாகவே கொடுக்கிறார்கள். அப்போது மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. டெஹ்ரானிலிருந்து வந்த ஒருவர் முதல் தடவையிலேயே பூண்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிய கதையை மீன் கடைத்தெரு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

படத்தில் அக்கா லென்ஸைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோடையில், அதுவும் மழைதான், எதிர்க்கடை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அரைமணி நேரம் கழித்துத் தெருவே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"ஏன் தம்பி, மூட்டைக்குப் பின்னாடி குந்திக்கிட்டு இருக்கீங்க? வயிறு சரியில்லையா? வாங்க, ஒரு கத்தரிக்காய் எடுத்துக்கோங்க!"

இலையுதிர் காலத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன். "அக்கா, நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க. என்னைப் பாக்காதீங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்து நிக்கற மனுஷனைப் பாக்காத மாதிரி இருக்கணுமா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தா?" திட்டிக்கொண்டே ஒரு சீமைப் பனிச்சம்பழத்தை நீட்டினாள்.

ஹோர்மோஸ் கதவருகே நின்று கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தான். "மீசைக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி வை சகலை. எனக்கு வேலை சுலபமாகும்."

அன்றைக்கு அவனைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது.

பஹ்மன் மாதக் குளிரில் பனி கொட்டியது. இடுப்பளவு. ரொட்டிக் கடைகூட மூடிவிட்டது. அக்கா வந்திருக்க மாட்டாள், ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குடைமேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அரைக்கூடை நாரத்தம்பழத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். தெருவில் வேறு ஈ காக்கா இல்லை. என் விரல்கள் மரத்துப்போய் கேமராவே பிடிபடவில்லை.

வழக்கம்போலப் பழத்தை நீட்டினாள். வழக்கம்போல மூன்று தடவை மறுத்தேன். அவள் கை கூடைக்குத் திரும்பவில்லை.

"எடுத்துக்கோங்க தம்பி. வீட்டுக்குப் போய் வெந்நீர்ல பிழிஞ்சு குடிங்க. கை நீலமா இருக்கு."

நாலாவது தடவை. நான் அவளுக்கு உறவும் இல்லை. வருஷம் முழுக்கத் தொல்லை கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனியால் என்று சொல்லலாம், ஆனால் அது பொய். ஒரு கையால் பழத்தை வாங்கிக்கொண்டே மறு கையால் அமுக்கினேன். படம் சாய்ந்துவிட்டது. குடை பாதிதான் படத்துக்குள் வந்திருந்தது.

நூலக அம்மையார் நாலு படத்தையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"நாலுலயும் இந்தம்மா கேமராவைப் பாக்கறாங்களே. நாலாவது விதியைப் படிச்சீங்களா?"

"படிச்சேம்மா. நம்ம ஊர்ல ஒருத்தர் வந்து நிக்கும்போது பாக்காம இருந்தாத்தான் அது நடிப்பு."

தேநீர் வந்தது, ஒரே ஒரு கோப்பை. அவர் அதை என் பக்கம் தள்ளினார். "குடிங்க."

"வேணாம்மா, நீங்க குடிங்க."

"அட, குடிங்க."

"இருக்கட்டும்மா."

மூன்றாவது தடவை "குடிங்க" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, கோப்பையைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் படங்கள் சுவரில் தொங்கின.

மீன் கடைத்தெருவே திரண்டு போய்ப் பார்த்துவிட்டு ஹோர்மோஸின் கடைக்குத் திரும்பியது. நடுவில் நான். ஹோர்மோஸ் இழுப்பறையைத் திறந்து, சிகரெட் தாளில் மடித்து வைத்திருந்த என் மீசை முடியை எடுத்து நீட்டினான். பாவம், தலை குனிந்திருந்தான்.

"நீ ஜெயிச்சுட்ட சகலை. இந்தா."

வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஜெயித்த திமிர், கூடவே பெருந்தன்மையும் சேர்ந்துகொண்டது.

"நமக்குள்ள என்ன சகலை ஜெயிப்பு தோல்வி? இந்த மீசையே உன்னுதுதான். எடுத்துக்கோ."

"ஐயையோ, வேணாம்."

"உனக்கு இல்லாத மீசையா? எடுத்துக்கோ."

"சத்தியமா வேணாம்."

"நீ எடுத்துக்கலைன்னா எனக்கு வருத்தம்."

"உன் முகத்துல இருந்தா என் முகத்துல இருந்த மாதிரி சகலை."

மூன்று ஆகிவிட்டது. வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் எவனோ "பலே!" என்றான். என் நாக்கு தானாகப் புரண்டது.

"என் உயிர் மேல ஆணை, எடுத்துக்கிட்டே ஆகணும்!"

வாசலில் ஷௌகத்தக்காவின் தராசு அப்படியே நின்றது.

"நாலு," என்றாள் அவள்.

ஹோர்மோஸ் என்னைப் பார்த்தான். அவனுக்கும் வேறு வழியில்லை. நாலாவது தடவை மறுத்தால் குடும்பத்துக்கே அவமானம். பெருமூச்சு விட்டு என் கழுத்தில் துணியைக் கட்டினான். கத்தியை எடுக்கத் திரும்பியபோது கண்ணாடியில் அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

பாதி போனது. கண்ணாடியின் இடப்பக்கத்திலிருந்து தூபா சித்தி என்னைப் பார்த்தாள். நானும் அவளையே பார்த்தபடி உறைந்துபோயிருந்தேன்.

"இதுல எதைத் தம்பி அமுக்கணும்?" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது. என் கேமரா அவள் கையில் இருந்தது. யாரோ பொத்தானைக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது நூலகச் சுவரில் என் நாலு படங்களுக்குக் கீழே தொங்குகிறது, ஓரத்தில் அக்காவின் கட்டைவிரலோடு. ஃபரங்கிஸ் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஐந்து படங்களில் நாலாவது விதிக்கு உட்பட்டது அது ஒன்றுதான்.