பின்சீட்டு முகம்

"முகம் கேக்குதுடா!"

அத்தான் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். பின்சீட்டில் இருந்த தம்பி ஹெல்மெட்டைக் கழற்றி, முடியைக் கையால் படிய வைத்து, அத்தான் நீட்டிய போனுக்கு முன்னால் தலையை நிமிர்த்தினான். திரையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அவன் முகம்.

"வலது பக்கம் திரும்பு. ம். இப்போ கண்ணைச் சிமிட்டு."

"அதான் அதுவே சொல்லுதே. நீங்க எதுக்கு அத்தான் கூடக் கூடச் சொல்றீங்க?"

"ஒரு பயம்தான்."

பச்சை டிக் விழுந்தது. அத்தான் மூச்சை விட்டார். சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கிய பெரிய பையை மடியில் அணைத்துக்கொண்டு தம்பி மறுபடியும் பின்னால் ஏறிக்கொண்டான்.

ஒரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஓட்டுவது அத்தான். முகம் தம்பியுடையது.

முன்பெல்லாம் அத்தான் ஒரு சாப்பாடு டெலிவரி கம்பெனியில் தன் பெயரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒருநாள் விட்டால் கம்பெனி போடும் புள்ளி குறைந்துவிடும் என்று அக்காதான், "நீ போயிட்டு வாயேன் தம்பி, டப்பா குடுக்கிற வேலைதானே?" என்று அனுப்பி வைத்தாள். தம்பிக்கு லைசென்ஸ் இருந்ததே தவிர வண்டி வராது. இடதா வலதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பின்னால் பத்து ஹாரன் அடித்துவிடும். எப்படியோ தள்ளாடிப் போய்ச் சேர்ந்தான். பாதி வழியில் அத்தானின் போன் முகத்தைக் காட்டு என்றது. காட்டினான்.

"யார் முகம்னு யோசிக்க மாட்டியாடா?" என்று அத்தான் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"முகத்தைக் காட்டுன்னு சொல்லுச்சு. சிரிச்ச முகமா வேற காட்டினேன்."

கம்பெனிக்காரர்கள் அத்தானின் கணக்கை மூடிவிட்டார்கள், நிரந்தரமாக. போய்க் கெஞ்ச ஓர் அலுவலகம் கிடையாது, காலில் விழ ஒரு மேனேஜர் கிடையாது. போனிலேயே விளக்கம் எழுதி அனுப்பினார் அத்தான். அனுப்பிவிட்டுக் கொட்டாவி விட்டார், கொட்டாவி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: 'உங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றமில்லை.'

"ஒரு கொட்டாவி நேரத்துல என்னத்தைக் கவனமா பரிசீலிச்சாங்களாம்?" என்றாள் அக்கா.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் இயந்திரம் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தது. பார்த்ததும் 'ஆள்மாறாட்டம்' என்றது. வேலை கேட்டுப் போனவர் வாயைத் திறக்கும் முன்பே கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் தம்பி பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார்கள். போட்டோவைக் காட்டி ஏமாற்றலாம் என்று பார்த்தார்கள், அது தலையைத் திருப்பச் சொன்னது. அத்தான் மீசையை எடுத்தால் இரண்டு பேரும் ஒரே ஜாடை ஆகிவிடுவார்கள் என்று அக்கா ஒரு யோசனை சொன்னாள். மீசையில்லாத அப்பாவைப் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழுததுதான் மிச்சம். இயந்திரம் அசைந்து கொடுக்கவில்லை. அப்புறம்தான் தம்பி பின்சீட்டில் ஏறினான்.

அது எப்போது கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் உடனே காட்ட வேண்டும். அதனால் தம்பி ஒண்ணுக்குப் போவதென்றாலும் அத்தான் வாசலில் போனோடு நின்றார். தம்பிக்கு ஜலதோஷம் வந்தால் வீடே பதறியது. தாடி விடக் கூடாது, வெயிலில் கறுக்கக் கூடாது. அவன் கன்னத்தில் ஒரு பரு வந்தபோது அக்கா தானே மருந்து தடவிவிட்டாள்.

"உன்மேல பாசம்னு நினைச்சுக்காதே," என்றாள். "அந்த மூஞ்சியிலதான் அடுப்பே எரியுது."

தம்பி படித்தது குளிர்சாதனம் பழுது பார்க்க. பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுப் போய்வந்தான். அவன் போயிருந்த அத்தனை நேரமும் போன் முகம் கேட்காதது அத்தானின் அதிர்ஷ்டம். அங்கே கேட்டதெல்லாம் சரியாகச் சொன்னான். செய்து காட்டச் சொன்னதையும் செய்து காட்டினான். கடைசியாக அங்கும் ஒரு கேமராவின் முன் உட்கார வைத்தார்கள்.

ஆள் எடுக்கும் அம்மாள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நீங்க இப்போ வேற இடத்துல வேலை செஞ்சுட்டிருக்கீங்களே தம்பி?"

"உங்க எதிர்லதாங்க உட்கார்ந்திருக்கேன்."

"அது எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலையே. இந்த நிமிஷம் டப்பா கொண்டு போறீங்கன்னு காட்டுது."

"அந்தக் கணக்கை மூடிட்டா போதுமாங்க?"

"போதும். ஆனா வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுறதுக்குள்ள மூடியாகணும். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. என் கையில இல்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் சொன்னான். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

"போயேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"முகத்தைத் திருப்பிட்டுச் சொல்றியே அக்கா."

"உன் முகத்தைப் பார்க்கத்தான் ஊரே காத்துக் கிடக்கே. என் முகம் யாருக்கு வேணும்?"

"அங்க சேர்ந்ததும் வீட்டுக்கு நான் அனுப்புவேன்ல."

"அனுப்புவே. பயிற்சின்னு மூணு மாசம் சும்மா வெச்சிருப்பாங்களாமே? அது வரைக்கும் சுவத்தையா சாப்பிடறது?" சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலடா. நீ போ. உனக்கும் வயசாகுதில்ல."

விடிந்ததும் அத்தான் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "மதியக் கூட்டம் முடியட்டும். நானே போனைத் தர்றேன். நீயே மூடிக்கோ," என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் மூடுவது சுலபமாக இருந்திருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை.

மதியக் கூட்டம் முடிந்தது. ஒரு மாடிக் குடியிருப்பில் கடைசி டப்பாவைக் கொடுக்கப் போனார்கள். கதவைத் திறந்த அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு டப்பா குடுக்க ரெண்டு பேரா?"

"இவர் ஓட்டுறாருங்க," என்றான் தம்பி. "நான் பேலன்ஸுக்கு."

அவள் சிரிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அத்தான் போனை எடுத்து நீட்டினார். தம்பி வாங்கினான். உள்ளே போய்த் துழாவினான். 'கணக்கை மூடு' என்பதை எங்கோ அடியில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். தொட்டான்.

'கையில் ஆர்டர் இருக்கும்போது கணக்கை மூட இயலாது.'

"எந்த ஆர்டர்? இப்பதானே குடுத்தோம்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "கதவு தட்டுறப்போ ஒண்ணு வந்துச்சு. எடுத்துட்டேன்டா. பழக்கத்துல கை தானா போயிடுச்சு."

அந்தக் கம்பெனியின் வழக்கம் அது. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததை அனுப்பிவிடும். ஏறுமுகமாக ஒரு மணிச் சத்தம் வரும், திரையில் ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே போகும், அது மறைவதற்குள் அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் புள்ளி போகும், புள்ளி போனால் பக்கத்துத் தெரு ஆர்டர் பக்கத்து ஆளுக்குப் போகும். தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டு அத்தான் தலையணையை அழுத்துவதாக அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

"சரி, இதை முடிச்சுட்டு மூடிடலாம்," என்றான் தம்பி.

அதை முடிக்கப் போகும் வழியிலேயே மணி அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்த அத்தானின் கட்டை விரல் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனுக்குத் தாவியது.

"அத்தான்!"

"ஐயோ. அழுத்திட்டேன்டா."

"வேணும்னே பண்றீங்களா?"

அத்தான் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த கார்க்காரன் திட்டிவிட்டுப் போனான். அத்தான் திரும்பவில்லை, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"வேணும்னு பண்ணியிருந்தா எனக்கே நிம்மதியா இருக்கும். இவன்தான்டா திருடன்னு என்னையே காறித் துப்பிக்குவேன். சத்தியமா தெரியலடா. சத்தம் வருது, கை போயிடுது."

இரண்டு ஆர்டரையும் கொடுத்து முடித்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. கிடங்கு ஆபீஸில் விளக்கு அணைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

கடைசி வீட்டை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் அத்தான் மூடிய கடையொன்றின் வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டார். போனைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். பத்தடி தள்ளிப் போய்க் கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்று, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார்.

"இப்போ நான் தொட மாட்டேன். நீ பாட்டுக்கு மூடு. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

தம்பி உள்ளே போனான். சின்ன எழுத்தைத் தொட்டான். இந்தத் தடவை அது மறுக்கவில்லை. 'நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம்' என்றது. காரணம் கேட்டது, ஏதோ ஒன்றைத் தொட்டான். 'உறுதி செய்ய முகத்தைக் காட்டவும்' என்றது. ஹெல்மெட்டைக் கழற்றினான். வட்டம் வந்தது. வட்டத்துக்குள் அவன் வந்தான். ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். ஆனால் இன்று அது அவனுக்காகவே வந்து நிற்பதுபோல் இருந்தது. வலது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினான்.

மணி அடித்தது.

வட்டத்தின் மேல் வளையம் வந்து உட்கார்ந்தது. பக்கத்துத் தெரு. சின்ன தூரம். வளையம் சுருங்கியது. ஷட்டரில் சாய்ந்திருந்த அத்தானின் தோள்கள் இரண்டும் சத்தத்துக்கு விலுக்கென்று எழும்பின. ஆனால் கைகள் பைக்குள்ளேயே இருந்தன, உள்ளே முஷ்டியாகப் பிடித்திருந்தது வெளியே தெரிந்தது.

சத்தம் நின்றது.

"போயிடுச்சா?" என்றார் அத்தான், இங்கே பார்க்காமல். "விட்டுட்டேன் பாத்தியா? மூடிட்டியா?"

அத்தான் திரும்பினார். தம்பி போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய கட்டை விரல் இன்னும் திரையின் மேலேயே இருந்தது.

"என்னடா?"

"எடுத்துட்டேன் அத்தான்."

"நீயா?"

"நான்தான்."

அத்தான் கைகளைப் பையிலிருந்து எடுத்தார். எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாததுபோல் தொங்கவிட்டார். தம்பியின் கையிலிருந்த போனில் மறுபடியும் அதே வரி: 'கையில் ஆர்டர் இருக்கும்போது கணக்கை மூட இயலாது.'

"எந்தத் தெரு?" என்றார் கடைசியில்.

"பக்கத்துதான். சூடு ஆறிடும், வாங்க."

அத்தான் வண்டியைக் கிளப்பினார். தம்பி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, காலிப் பையை மடியில் வைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்தான்.