சத்தம் வராத மிஷின்

பிளக்கைப் பிடுங்கப் போன கையைக் கனகவல்லி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியோடு வந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் இவ்வளவு வேகமாக எழுந்து வருவாள் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். அந்த ஹாலில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அதில் பக்தவத்சலத்தின் பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்தவத்சலம் பெட்டிக்குப் போகக் காத்துக்கொண்டு பாயில் கிடந்தார்.

அதைத் தொடாதே என்று அவனிடம் தெலுங்கில் சொன்னாள். அவன் அவள் மகள் அனுபமாவைப் பார்த்தான்.

"அம்மா, பிளீஸ். இந்த வெயில்ல அப்பாவ எப்படி அப்படியே வெச்சிருக்கிறது? அது ஒரு பழைய டப்பா. அணைச்சிட்டு அப்புறம் போட்டுக்கலாம்."

"அணைச்சா திரும்ப எழுந்திரிக்காது. அப்பாவே சொன்னாரு."

அனுபமாவுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவள் அவள். இந்தப் பழைய டப்பாவை அவள் மதித்ததே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஃபாத்திமா தன் வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயரை விட்டாள். ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. பக்தவத்சலம் உள்ளே போனார். கம்ப்யூட்டர் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. உடலைக் காலையில்தான் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவு. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் தொண்ணூற்றாறில் வாங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், அவ்வளவுதான். மவுஸ் கிடையாது, தொட்டுத் திறக்கப் படம் கிடையாது. எதுவானாலும் எழுத்தில் எழுதிச் சொல்ல வேண்டும். ரயில்வே சிக்னல் ஆபீஸில் இருந்த காலத்தில் பக்தவத்சலம் கற்றுக்கொண்டது அது. வெறும் எழுத்து மிஷினில் போட்டோவும் சினிமாவும் காட்டுகிற ஒரு வியூவரை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தார். அவர்கள் குடியிருந்த மெட்டுகுடாவில் ரயில்வேக்காரர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் அதைத் திறந்து காட்டாமல் விடமாட்டார். விண்டோஸ் எல்லாம் சோம்பேறிகளுக்கு என்பார்.

அந்த மிஷினுக்குள்தான் ரஞ்சன் இருந்தான்.

ஒன்பது வயசு. புது சைக்கிளில் சந்தில் வருகிறான். கேமரா முன்னால் நிறுத்துகிறான். குனிகிறான். நிமிர்ந்து ஏதோ பேசுகிறான். மறுபடி ஏறிப் போகிறான், ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை இடுப்பில். மொத்தம் நாற்பது நொடி. ஆபீஸ் நண்பர் ஒருவரின் கேமராவை இரவல் வாங்கி எடுத்தது. டேப் பூசணம் பிடித்துப் போவதற்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார். அது எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பையன் இல்லை.

ஞாயிறுதோறும் சாப்பாடு முடிந்ததும் பக்தவத்சலம் அதைப் போடுவார். கனகவல்லி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்வாள். ஒரே தடவைதான். இன்னொரு தடவை என்று கேட்டால் டிஸ்க் தேய்ந்துவிடும் என்பார். சத்தம் வராதா என்று கேட்டால், இது எழுத்து மிஷின், பேசாது என்பார். எனக்கும் போடக் கற்றுக்கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மெட்ராஸிலிருந்து வரும் மாதப் பத்திரிகைகளை வரி விடாமல் படிக்கிறவள் அவள். அவளிடம், "உனக்கு வராது. ஒரு எழுத்து தப்பினா எல்லாம் அழிஞ்சிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இருபத்தேழு வருஷம் அவள் விரலைக் கட்டிப்போட்டது.

சத்தம் இல்லாததால் அவன் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். குனிவது செயினைப் பார்க்க. நிமிர்ந்து சொல்வது, 'அப்பா, செயின் கழண்டுடுச்சு.' உதடு அதற்குச் சரியாக இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டு மூன்று நாளாக வலி இருந்திருக்குமே, பையன் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் பக்தவத்சலம் சொன்னார்: "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. இவகிட்டதான் சொல்லியிருப்பான். அடுப்படியில இருந்தா இவளுக்கு எதுவும் காதுல விழாது."

அன்றைக்கு ஆரம்பித்தது. அவருடைய அக்கா தங்கம் அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீடு, சாவு வீடு, வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும், "பெத்தவளுக்கே கேக்கலைன்னா வேற யாருக்குக் கேக்கும்" என்பாள். அதைவிடக் கொடுமை, கனகவல்லிக்கே அது உண்மையோ என்று தோன்றிவிட்டதுதான். அந்த ஞாயிறு தங்கத்தின் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. குக்கர் சத்தம், மிக்ஸி சத்தம். அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றானோ? அம்மா என்று கூப்பிட்டானோ? தான் திரும்பாமலே போ போ என்றோமோ? அந்த ஒரு பகலை அவள் ஆயிரம் தடவை துவைத்துப் பிழிந்து உலர்த்திப் பார்த்துவிட்டாள். ஒன்றும் தெளியவில்லை.

இன்றைக்கு எடுத்த கையோடு அனுபமா அவளை மாதாப்பூருக்குக் கூட்டிப்போகிறாள். வீட்டைக் காலி செய்யப் பேசியாகிவிட்டது. கம்ப்யூட்டரை அசைத்தால் செத்துப்போகும். இன்றைக்கு யாராவது தெரிந்தவர் கையால் பையனை வெளியே எடுத்தால் உண்டு.

சலீம் மாலையோடு வந்தபோது அவள் அதைத்தான் கேட்டாள். ஃபாத்திமாவின் புருஷன். பாரடைஸ் ஓட்டல் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இந்தச் சந்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி ஆடி வளர்ந்ததில் தமிழ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இப்பவா அம்மா?" என்றான், ஐஸ் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்து.

"அப்புறம் எனக்கு நேரம் எது?"

அவன் செருப்பை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சுவரோரம் இருந்த தங்கம், "பொணம் நடு வீட்டுல கெடக்குது, இங்க சினிமாவா?" என்றாள். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கனகவல்லி ஸ்டூலை இழுத்துப்போட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஃபிளாப்பில ஏறாதும்மா, ஃபைல் பெருசு. டிஸ்க்கைக் கழட்டினா உசுரு போயிடும். நக்கோ, அது வேணாம். படத்த ஓட விட்டு ஸ்கிரீனையே செல்போன்ல எடுத்துடலாம். சத்தமும் சேர்ந்து வந்துடும்."

"இதுல சத்தம் வராதுப்பா."

"யாரு சொன்னது? இந்த வியூவர் பாட்டே பாடும்மா."

சலீம் எதையோ தட்டினான். வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கி நின்றன. கழுத்தை நீட்டிப் படித்தான்.

"சார் ரெண்டு கமாண்ட் எழுதி வெச்சிருக்காரு. ஆர்னு ஒண்ணு, ஆர் ஒன்னுன்னு ஒண்ணு. ரெண்டும் அதே படம்தான். ஆருல மட்டும் கடைசியில, சத்தம் வேணாம்னு போட்டிருக்காரு."

"வேணாம்னா?"

"வர்ற சத்தத்த அடைச்சு வெச்சிருக்காரும்மா."

ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே மூக்கில் பஞ்சு வைத்த முகம் சாந்தமாக இருந்தது.

ஸ்பீக்கர் எங்கே என்று சலீம் தேடினான். ஸ்பீக்கர் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தபோது, இன்லேண்ட் லெட்டர்களுக்கு அடியில் ஒரு பழைய ஹெட்போன் கிடந்தது. காதில் படுகிற பஞ்சுறை எப்போதோ பொடிந்துபோய், அதற்குப் பதில் வெள்ளைப் பஞ்சை உருட்டி நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. பஞ்சு புதுசு. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பு, காயத்துக்கு என்று சொல்லி அவர் வாங்கிவரச் சொன்ன பஞ்சு. எந்தக் காயம் என்று அவள் அப்போது கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவள் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வர இரண்டு மணி நேரம் ஆகும். மெதுவாகப் போய்விட்டு வா, அவசரமில்லை என்பார். எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டதுண்டு.

"போட்டுக்குங்கம்மா" என்று சலீம் ஹெட்போனை நீட்டினான். அவள் மாட்டிக்கொண்டாள். வீட்டுச் சத்தம் பாதியாகக் குறைந்தது. சலீம் செல்போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஆர் ஒன்னு என்று இரண்டு எழுத்து தட்டினான்.

முதலில் காற்று. பிறகு சைக்கிள் மணி. அவள் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது.

ரஞ்சன் வந்தான். நிறுத்தினான். குனிந்தான்.

"அப்பா, வயிறு வலிக்குது."

குரல் அவள் நினைவில் இருந்ததைவிடச் சன்னமாக இருந்தது. மூக்கடைத்தாற்போல.

"நடிக்காதடா. நாளைக்கு ஸ்கூலு, அதுக்கு இன்னைக்கே வலியா? கேமரா ஓடுது, நிமிரு."

"நிஜமாப்பா. அம்மாகிட்ட போறேன்."

"அம்மாவுக்கு வேல இருக்கு. அத்த வீட்டுக்காரங்க வந்திருக்காங்க இல்ல? அம்மாகிட்ட போய் சிணுங்கினா சைக்கிள எடுத்து மேல வெச்சிடுவேன். ஏறு, இன்னொரு ரவுண்டு."

ரஞ்சன் ஏறினான். ஒரு கை ஹேண்டில்பாரில். இன்னொரு கை இடுப்பில் இல்லை, வயிற்றில் இருந்தது. இருபத்தேழு வருஷமாக அதை ஸ்டைல் என்று பார்த்திருக்கிறாள்.

கறுப்புத் திரை வந்தது. சலீம் செல்போனை இறக்கினான். "சத்தம் வந்துச்சா அம்மா?" என்றான்.

அனுபமா வந்து தோளில் கை வைத்தாள். "என்னம்மா? அண்ணா பேசறானா?" என்றாள். ரஞ்சன் அவளைவிட நாலு வயசு மூத்தவன். அவன் செத்த வயசைத் தாண்டி அவள் எவ்வளவோ வளர்ந்துவிட்டாள், இன்னும் அண்ணா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்ன சொல்றான் புள்ள? எனக்கும்தான் சொல்லேன்" என்றாள்.

கனகவல்லி எழுந்து போய் நாத்தனாரின் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிவந்தாள். ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள், பிள்ளைக்குக் குல்லாய் போடுவதுபோலக் காது மடியாமல் சரிசெய்து. "இன்னொரு தடவ போடு சலீம்" என்றாள்.

நாற்பது நொடியும் அவள் திரையைப் பார்க்கவில்லை. தங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். எழுபத்தெட்டு வயசு முகம். மணிச் சத்தத்துக்கு மலர்ந்தது. பிறகு உதடு ஒட்டிக்கொண்டது. பிறகு கண் ஐஸ் பெட்டிப் பக்கம் ஓடியது, ஓடிய வேகத்தில் திரும்பியது.

தங்கம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பஞ்சை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"போனவனப் பத்தி இப்ப எதுக்கு கனகா" என்றாள் தணிந்த குரலில். "விட்டுடு."

"இருந்தவளப் பத்தி இருபத்தேழு வருஷம் பேசினீங்களே அண்ணி."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஃபாத்திமா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாழ்த்திக்கொண்டாள். தங்கம் எழுந்து போய் முன்பு இருந்த இடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

சலீம் மெல்லச் சொன்னான். படம் செல்போனில் வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை, ஹெட்போனுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு பக்கத்தைச் செல்போனோடு ஒட்டிப் பிடித்தால் அதுவும் வந்துவிடும். எடுக்கலாமா, இல்லை, சார் வைத்திருந்த மாதிரி சத்தமில்லாமலே இருக்கட்டுமா?

வாசலில் வண்டி வந்து நின்றது. புரோகிதர் சீனிவாசன் உள்ளே எட்டிப் பார்த்து, நாழியாகிறது, வாய்க்கரிசிக்குச் சம்சாரம் வரவேண்டும் என்றார். நாலு பேர் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். தட்டில் அரிசியோடு அனுபமா வந்து நின்றாள்.

"வாம்மா. எல்லாரும் வெயிட் பண்றாங்க."

கனகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனை எடுத்தாள். ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தைச் சலீமின் செல்போனோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"காத்திருக்கட்டும்" என்றாள். "கேட்டுட்டு வரேன்."

சலீம் தயங்கிவிட்டு இரண்டு எழுத்தைத் தட்டினான். செல்போனில் வேறு எந்தச் சத்தமும் விழக்கூடாது என்று கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினான். பெண்கள் ஓய்ந்தார்கள். யாரோ வாசலுக்குப் போய்ச் சொன்னார்கள். வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் கீழே இறங்கி நின்றான்.